தாடை திறக்கும் ஹெல்மெட்

அப்பா ஒரு வங்கியின் வாசலில் காவலாளியாக இருந்தவர். வாழ்நாளில் அவர் அதிகம் பேசியது எங்களோடு அல்ல, வாடிக்கையாளர்களோடுதான். அதுவும் ஒரே வாக்கியம்: "ஹெல்மெட்டக் கழட்டிட்டு உள்ள வாங்க." கொட்டுகிற மழையில் ஹெல்மெட்டோடு ஓடிவந்த மேனேஜரையே வாசலில் நிறுத்திக் கழற்ற வைத்தவர். முகத்தை மூடிக்கொண்டு வருகிறவன் திருடன், இல்லாவிட்டால் திருடனாகப் போகிறவன் என்பது அவர் கட்சி. ஓய்வு பெற்ற பிறகும் பெட்ரோல் பங்க், மருந்துக்கடை என்று போகிற இடமெல்லாம் இந்த அதிகாரத்தைச் செலுத்திக்கொண்டிருந்தார். வீட்டில் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

பிறகு மறதி வந்தது. அம்மா இறந்துபோனது மறந்தது. வீட்டுக்கு வரும் வழி மறந்தது. சாப்பிட்டது மறந்தது, சில நாள் பசியே மறந்தது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் அழியாமல் நின்றுவிட்டது.

நான் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளில் லிஃப்ட் நின்றுபோனால் என்னைக் கூப்பிடுவார்கள். பாதி வேலை மெஷினோடு, மீதி வேலை உள்ளே மாட்டிக்கொண்டவர்களோடு. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று "பயப்படாதீங்க, இங்கதான் இருக்கேன்" என்று பேசிக்கொண்டே கையை ஓட்ட வேண்டும். எவ்வளவு பேசினாலும் உள்ளே அழுகை ஓயாது. கதவை நாலு விரல் அகலம் நெம்பி முகத்தைக் காட்டினால் போதும், பாதி அடங்கிவிடும். மனுஷ முகத்துக்கு அவ்வளவு மதிப்பு என்று நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

காலையில் வேலைக்குப் போகும் வழியில் அப்பாவை முதியோர் பகல் காப்பகத்தில் விட்டு, மாலையில் அழைத்து வருவேன். பஸ்ஸில் கூட்டிப் போனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கப் பார்ப்பார். டாக்ஸியில் ஏற்றினால் ஓடுகிற வண்டியின் கதவைத் திறப்பார். பைக்கில்தான் சாதுவாக வருவார். அவருக்கு வாங்கிய முகம் மறைக்காத ஹெல்மெட்டை யூனிஃபார்ம் தொப்பி என்று நினைத்து ஆசையாக மாட்டிக்கொள்வார். என் இடுப்பைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார். தொல்லையெல்லாம் சிக்னலில். நான் போட்டிருந்தது முகத்தை முழுக்க மூடுகிற ஹெல்மெட். வண்டி நின்றதும் நான் திரும்பி, "கெட்டியா பிடிச்சிருக்கீங்களாப்பா?" என்று கேட்பேன். அவர் கண்ணுக்குத் தெரிவது மகள் அல்ல, முகமே இல்லாத ஏதோ ஒரு ஆள். "யாரு நீ? கழட்டு ஹெல்மெட்ட!" என்று முதுகில் அடி விழும்.

ஒரு நாள் அடி விழவில்லை. நிம்மதியாக வண்டியைக் கிளப்பிவிட்டேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் இடுப்பில் கை இல்லாதது உறைத்தது. திரும்பிப் பார்த்தால், நாலாபக்கமும் வண்டிகள் பாய்கிற சந்திப்பின் நடுவில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டி, பைக்கில் வருகிறவர்களை எல்லாம் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தண்ணீர் லாரி அவர் சட்டையை உரசுகிற மாதிரி வந்து நின்றது. டிரைவர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டட்டும், பிரேக் பிடித்தாரே. அவரை நடுரோட்டில் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வேறு ஊரில் இருக்கும் அண்ணன் காதுக்கு விஷயம் போனது. நானேதான் சொன்னேன். என் வாய் சும்மா இருக்காது.

"போதும். நான் பாத்து வச்ச இல்லத்துல சேத்துடு" என்றான். "அங்க டாக்டர் இருக்காரு, நர்ஸ் இருக்காங்க, கேட்டுக்கு ஆள் இருக்கு."

"காலம் பூரா வாசல்ல நின்ன மனுஷன வாசலுக்குள்ள வச்சுப் பூட்டணுமா?"

"கோவப்படாம யோசி. இப்படியே எத்தன நாளைக்கு ஓட்டுவ?"

"அவருக்கு என்னத் தெரியிற வரைக்கும் ஓட்டுவேன். நான் யாருன்னே தெரியாமப் போச்சுன்னா நீ சொல்ற இடத்துக்கு அனுப்பிடலாம். சத்தியமா அன்னிக்கு நான் தடுக்க மாட்டேன், போதுமா?"

ஆத்திரத்தில் விட்ட வார்த்தை. அண்ணன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை, என்னைவிடப் பயந்தவன். அதன்பிறகு எப்போது கூப்பிட்டாலும் அவன் முதலில் கேட்பது, "அப்பாவுக்கு உன்னத் தெரியுதா?" என்பதுதான்.

நானும் முகம் மறைக்காத ஹெல்மெட் வாங்கிவிட்டால் கதை முடிந்தது என்று தோன்றலாம். என்னோடு வேலை பார்க்கும் ஒயர்மேன் அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் சறுக்கி விழுந்தார். தாடை நொறுங்கி, இன்றைக்கும் அவருக்குச் சாப்பாடு ஸ்ட்ராவில்தான். எனக்கு அப்படி ஆனால் அப்பாவை யார் பார்ப்பது? ஓடும்போது தாடை மூடியிருக்க வேண்டும், நின்றால் முகம் தெரிய வேண்டும். அப்படி ஒரு ரகம் உண்டு. பொத்தானை அழுத்தினால் தாடைப் பகுதி, முன்கண்ணாடியோடு சேர்ந்து நெற்றிக்கு மேல் ஏறிவிடும்.

வாங்கப் போனபோது அப்பாவையும் கூட்டிப் போனேன். அவருக்குத்தானே பிடிக்க வேண்டும்? கடைக்குள் நுழைந்ததுமே தப்பு செய்துவிட்டேன் என்று புரிந்தது. தரையிலிருந்து கூரை வரை ஹெல்மெட். முகமில்லாத தலைகள் வரிசை வரிசையாக எங்களை முறைத்துக்கொண்டிருந்தன. கண்ணாடி முன்னால் ஒருவர் ஹெல்மெட் போட்டு, பக்கத்தில் நின்ற மனைவியிடம் அழகு காட்டிக்கொண்டிருந்தார். அப்பா நேராக அவரிடம் போனார்.

"சார், ஹெல்மெட்டக் கழட்டிட்டு உள்ள வாங்க."

குரலில் என்ன இருந்ததோ, அவர் மறுபேச்சில்லாமல் கழற்றிவிட்டார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏம்மா, ஹெல்மெட் கடைக்கு வந்து ஹெல்மெட்டக் கழட்டச் சொன்னா நான் எங்க போயி வியாபாரம் பண்றது?"

"அவர் சொன்னா கழட்டிடுங்க. பேங்க் மேனேஜரே கழட்டியிருக்காரு" என்றேன். பிறகு தாழ்ந்த குரலில் அப்பாவின் நிலைமையைச் சொன்னேன். கடைக்காரர் அப்பாவை ஒருமுறை பார்த்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "சார், இங்க டியூட்டியில உக்காருங்க. வர்றவங்களப் பாத்துக்குங்க" என்றார். அப்பா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்றேன். முதலில் போட்டதற்குப் பொத்தான் ஒரு பக்கம், கொக்கி இன்னொரு பக்கம். திறக்க இரண்டு கையும் வேண்டும். நடுச்சாலையில் ஹாண்டிலை யார் பிடிப்பது? அதைத் திறப்பதற்குள் அப்பா எழுந்தே விட்டார். அடுத்தது இறகு மாதிரி லேசு, ஆனால் தூக்கின தாடை மேலே நிற்காமல் டப்பென்று விழுந்து மூடிக்கொண்டது. இன்னொன்று தலையில் அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருந்தது. லிஃப்ட் குழிக்குள் அண்ணாந்தே வேலை பார்த்து ஏற்கெனவே என் கழுத்து போன கழுத்து.

"இதுல பாட்டு கேக்கலாம், போன் பேசலாம்" என்று கடைக்காரர் ஒரு பளபளப்பான பெட்டியைத் திறந்தார்.

"என் மூஞ்சி தெரியுமா? அது போதும் எனக்கு."

அவர் பெட்டியை மூடிவிட்டு உள்ளே போய்ச் சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்துவந்தார். "கன்னம் ரெண்டும் லேசா அமுங்கணும். நெத்தி வலிக்கக் கூடாது. உடனே முடிவு பண்ணாதீங்க, போட்டுட்டுக் கொஞ்ச நேரம் நடங்க. வலிக்கிறதா இருந்தா அப்புறம்தான் வலிக்கும்" என்றார். கடைக்குள்ளேயே உலாத்தினேன். மூக்குக்கண்ணாடியின் காம்பு போக உள்பஞ்சில் பள்ளம் விட்டிருந்தார்கள். கழுத்து முனகவில்லை. தாடைக்கு நடுவில் ஒரே பொத்தான், கையுறை போட்ட கட்டைவிரலுக்கே சிக்கியது. அப்பா முன்னால் நின்று அழுத்தினேன். சத்தமில்லாமல் மேலே ஏறி அப்படியே நின்றது.

அப்பாவின் முகம் மலர்ந்தது. "அட குட்டி! நீயா? எப்ப வந்த?"

சின்ன வயதில் அவர் என்னைக் கூப்பிட்ட பெயர் குட்டி. அதைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. கடைக்காரர் பக்கம் திரும்பாமல், "இதையே குடுத்துடுங்க" என்றேன்.

"ஓட்டும்போது தாடையத் தூக்கி வைக்காதீங்கம்மா, காத்து தலையப் பின்னால இழுக்கும். நின்ன பிறகு தெறங்க" என்று அவர் சொன்னார். நான் பல தடவை தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு நல்ல காலம். சிக்னலில் வண்டி நிற்கும், பொத்தானை அழுத்துவேன், திரும்புவேன். "நான்தாம்பா." அவர் என் முகத்தை ஆராய்ந்து, வாடிக்கையாளரை உள்ளே விடுகிற தோரணையில், "சரி, போகலாம்" என்பார். மூடிக்கொண்டு கிளம்புவேன். பக்கத்து வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தால் எனக்கென்ன? அண்ணனிடம் வாய் கிழியப் பேசினேன். உலகத்தில் ஒரு மகளும் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்த மாதிரி அவ்வளவு திமிர்.

காப்பகத்து அக்கா ஒருநாள் சொன்னாள்: "ஜன்னல் கிட்டயே உக்காந்திருப்பாரு. கேட்டுல உங்க ஹெல்மெட் தெரிஞ்சதும் செருப்பத் தேட ஆரம்பிச்சுடுவாரு." எனக்குப் பெருமையாக இருந்தது. அதில் வேறு ஒன்று இருந்தது எனக்கு உறைக்கவில்லை. சிக்னலில் என் முகத்தை ஆராய்கிற நேரம் கூடிக்கொண்டே போனதும் உறைக்கவில்லை. உறைத்தது, ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

ஒரு மாலை, அந்தப் பெரிய சந்திப்பில் நின்றோம். அழுத்தினேன், திரும்பினேன். "நான்தாம்பா."

அப்பா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இடுப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"நீங்க யாரும்மா?"

கோபமில்லை. முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசுகிற மரியாதை. அதுதான் என்னைக் கொன்றது.

"அப்பா, குட்டிப்பா. என்னப் பாருங்க."

"குட்டி என்னக் கூட்டிட்டுப் போக வருவா. நீங்க போங்கம்மா." ஒரு கால் தரையில் ஊன்றிவிட்டது. நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். "விடுங்க! யாராவது வாங்களேன்!" என்று கத்தினார். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. பேருந்து ஒன்று எங்களை ஒட்டி வளைந்து போனது. எப்படியாவது ஓரம் கட்ட வேண்டும். ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தாடையை இழுத்து மூடினேன்.

அப்பா திமிறுவதை நிறுத்தினார். மூடின ஹெல்மெட்டை ஏறிட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த பயம் கரைந்தது.

"வந்துட்டியா குட்டி? எங்க போயிட்ட?" என்றார். காலைத் தூக்கி மறுபடி ஏறி உட்கார்ந்து, என் இடுப்பை முன்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். "யாரோ ஒரு பொம்பள என்ன இழுத்துட்டுப் போகப் பாத்தா. நல்ல நேரத்துக்கு வந்த."

வண்டியை எடுத்தேன். உள்ளே மூக்குக்கண்ணாடி முழுக்கப் பனி படிந்துவிட்டது. துடைக்க வேண்டுமென்றால் திறக்க வேண்டும். மங்கலாகத் தெரிந்த விளக்குகளை வைத்தே, ஓரமாக ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தேன்.

வீட்டுக்குள்ளும் நான் அதைக் கழற்றவில்லை. ஹெல்மெட்டோடு அடுப்பைப் பற்ற வைத்தேன். ஹெல்மெட்டோடு சாப்பாட்டைச் சூடு பண்ணித் தட்டில் போட்டேன். அப்பா கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை, பழகின ஆள் பரிமாறுகிற மாதிரி சாப்பிட்டார். அப்போது போன் அடித்தது. அண்ணன். காதில் வைக்க வழியில்லாமல் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏன் உன் குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு?"

"சளி."

"அப்பாவுக்கு உன்னத் தெரியுதா?"

சத்தியம் செய்து கொடுத்தவள் நான். அப்பா பக்கம் திரும்பினேன். "அப்பா, அண்ணன் கேக்குறான். நான் யாரு?"

"இதென்ன கேள்வி? என் பொண்ணு" என்றார் அப்பா, போனுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக.

அண்ணன் பெருமூச்சு விட்டது கேட்டது. "சரி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டான். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கழுத்து வலித்தது. அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சாப்பிட்டியா குட்டி?"

"இல்லப்பா."

"சாப்பிடும்மா. காலையிலேருந்து வேலை பாத்துட்டு வர்ற." தன் தட்டை என் பக்கம் நகர்த்தினார். ஒரு வாய் எடுத்து என் முன்னால் நீட்டினார்.

காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கட்டைவிரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"அப்புறம் சாப்பிடுறேம்பா" என்றேன்.