தம்பியின் தாடை

1

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு எனக்குத் தாடை இல்லை என்பது தெரியவந்தது.

கதை அங்கிருந்துதான் வந்தது. இதற்கு முன் வேறு தொடக்கங்களும் எழுதினேன். ஒன்றில் மழை பெய்தது. இன்னொன்றில், முகம் என்பது என்ன என்று கேட்டேன். பதில் தெரியாததால் அடித்துவிட்டேன். மழையை ஏன் அடித்தேன் என்று நினைவில்லை. நன்றாகத்தான் பெய்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். நானே என் கதைகளை வாசிப்பதுபோல் வீடியோக்கள் வெளியிடப் பதிப்பாளருக்கு ஆசை. குரல் என்னுடையது. முகமும் என்னுடையதுதான், ஆனால் இப்போதையது வேண்டாம் என்றார்.

"பின்னட்டையில இருக்கிற முகம்தான் சார் வாசகருக்குத் தெரியும். இப்ப இருக்கிறதைக் காட்டினா யாரோன்னு நினைச்சுடுவாங்க."

ஆகவே பழைய புகைப்படங்களிலிருந்து கணினியில் என் தலையைச் செய்ய ஒரு பெண்ணை அமர்த்தினார். திரைப்படங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் தலை செய்பவர். கழுத்துக்குக் கீழே அவர் பொறுப்பல்ல. (இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. இருக்கட்டும்.)

2

அவருடைய அறையில் ஜன்னலைச் சாம்பல் நிறத் துணியால் மூடியிருந்தார்கள். திரையில் என் தலை மெதுவாகச் சுழன்றது. நெற்றி நான். மூக்கு நான். இடக் கன்னத்து அம்மைத் தழும்புகூட நான். உதட்டுக்குக் கீழே மழமழவென்று ஒரு சரிவு, கரைந்த சோப்புபோல.

"ஒரே இடத்தைப் பல பக்கத்துலேருந்து எடுத்த படம் இருந்தாதான் சார் கம்ப்யூட்டர் அந்த இடத்தைக் கட்டும். உங்க தாடைக்கு ஒரு படம்கூட இல்ல."

"அத்தனை படம் கொடுத்தேனே?"

"எல்லாத்துலயும் கைய வச்சிருக்கீங்க."

பார்த்தேன். நூலகத்தில் கை தாடையில். ரயில் ஜன்னலோரம் கை தாடையில். என் கல்யாணத்தில், பக்கத்தில் மனைவி நிற்க, கை தாடையில்.*

"முதல்ல கம்ப்யூட்டர் விரலையும் முகம்னு நினைச்சு சேர்த்துக் கட்டிடுச்சு. காட்டட்டுமா?"

"வேண்டாம்மா."

சிந்திப்பவன் என்று தெரியட்டும் என வைத்த கை. சிந்தித்தேனா என்பது வேறு.

"கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா சார்? இதே ஜாடையில? அவங்களை உட்கார வச்சு எடுத்துக்கலாம்."

* மனைவி சொன்னது: "பல்வலின்னு நினைச்சேன். பாவமா இருந்துச்சு."

3

இருக்கிறான். சிக்கலும் அதுதான்.

தம்பி எனக்குப் பல வருடம் இளையவன். பின்னட்டையில் எனக்கு என்ன வயதோ அந்த வயது இப்போது அவனுக்கு. அப்பாவின் தாடை இருவருக்கும். தம்பி லிஃப்ட் மெக்கானிக். என் கதை ஒன்றில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் குழியில் விழுந்து சாகிறான். நல்ல சாவு. விமர்சகர்கள் பாராட்டினார்கள். தம்பி மகள் அதைப் படித்துவிட்டு, அவன் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் செருப்பை ஒளித்துவைத்தாள். அது நீயில்லை, கதாபாத்திரம் என்று அவனுக்குப் பொறுமையாக விளக்கினேன். அதன் பிறகு அவன் என் வீட்டுக்கு வரவில்லை.

ஆகவே இங்கே தம்பியை எடுத்துவிட்டு மாமா மகனை வைத்துப் பார்த்தேன். 'மாமா மகன் போனை எடுத்து, தயக்கத்தோடு—'

சரிவரவில்லை. மாமா மகனுக்கு என் அப்பாவின் தாடை எப்படி வந்தது என்று வாசகர் கேட்பார். குடும்பத்திலும் கேட்பார்கள்.

தம்பிக்கே போன் செய்தேன்.

"தாடையா?"

"ஆமாடா. கொஞ்ச நேரம் உட்கார்ந்தா போதும்."

"அதுதான் குழியில விழுந்தப்பவே உடைஞ்சுபோச்சே. நீதானே எழுதினே, பக்கம் பக்கமா."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"சரி, வர்றேன். அண்ணி முகத்துக்காக. ஆனா ஒண்ணு. இதை வச்சுக் கதை கிதை எழுதக் கூடாது. இன்னொரு தடவை என்னை எழுதினா, எனக்கு அண்ணனே இல்லன்னு வச்சுக்குவேன். விளையாட்டுக்குச் சொல்லலை."

"சத்தியமா எழுதலை."

(அப்போது இரண்டாம் பகுதி வரை முடித்திருந்தேன். இந்தப் பகுதிக்கு அந்தச் சாக்கும் இல்லை.)

4

முடி தெரியாமல் தலையில் இறுக்கமான குல்லா மாட்டி, தலை செய்பவர் தம்பியை முக்காலியில் உட்கார வைத்தார். கேமராவோடு அவனைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"சிரிக்காதீங்க. பல்லைக் கடிக்காதீங்க. முகம் சும்மா இருக்கட்டும்."

"கைய எங்க வச்சுக்கறது?"

"எங்க வேணா வை," என்றேன் நான். "தாடையில மட்டும் வேண்டாம்."

சிரித்துவிட்டான். முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

அன்று வீட்டுக்கும் வந்தான். எங்கள் கட்டட லிஃப்டில் ஏறியதும் சுவரில் காதை வைத்துக் கேட்டான்.

"சத்தம் சரியில்ல. பயமா இருந்தா நீ படியில வா. எனக்கு ஒண்ணும் ஆகாது, நான் ஏற்கெனவே செத்தவன்."

"பொண்ணு எப்படி இருக்கா?"

"இப்பல்லாம் செருப்பை ஒளிக்கறதில்ல. உன் புத்தகத்தை ஒளிச்சுடறா."

மனைவி அவனுக்கு இரண்டாம் முறை சோறு போட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. நியாயமாக நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். கை கழுவிவிட்டு நேராக மேசைக்குப் போனேன்.

5

முடிவுகள்:

அண்ணன் கதையை அழித்துவிடுகிறான். உயர்ந்த முடிவு. ஆனால் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தம்பி கதையைப் படித்துக் கண் கலங்கி அண்ணனைக் கட்டிக்கொள்கிறான். உங்களுக்கு என் தம்பியைத் தெரியாது.

தம்பி, மறுநாள் வேலைக்குப் போன இடத்தில், குழியின் விளிம்பில்— இல்லை.

6

தலை தயாரானதும் பார்க்கக் கூப்பிட்டார்கள். தம்பியும் வந்தான். தாடை கொடுத்தவனுக்கு இல்லாத உரிமையா என்றான்.

முதல் வீடியோவுக்குப் புதிய கதைதான் வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டிருந்தார். என்னிடம் இருந்தது ஒன்றுதான். மூன்றாம் பகுதி வரை வாசித்து, பதிவுசெய்து அனுப்பியிருந்தேன். அது பதிப்பாளரிடம்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். தலை செய்பவர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். தலை கண் சிமிட்டியது. வாய் திறந்தது.

'செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு எனக்குத் தாடை இல்லை என்பது...'

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணா, நான் பேசற மாதிரியே இருக்கு. அங்க பாரு, எப்படி அசையுதுன்னு."

தலை நிறுத்தாமல் வாசித்தது. மழை வந்து போனது. நூலகம், ரயில், கல்யாணம். பல்வலி வந்தபோது தலை செய்பவரும் சிரித்தார். நான் எழுந்து பொத்தானை அழுத்தியிருக்கலாம். கைக்கெட்டும் தூரம்தான். கை தானாகத் தாடைக்குப் போனது.

'கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா சார்?' என்றது தலை, என் குரலில், அவன் தாடையை அசைத்து.

தம்பி சிரிப்பை நிறுத்தினான். திரையைப் பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான்.

"அண்ணா, இந்தக் கதையில நான் வர்றேனா?"