சுந்தரி ஒட்டிய சும்மா அம்பு

1

இந்தக் கதை பக்கத்து வீட்டு சுந்தரி சொன்னது. துணி காயப்போட்டுக்கொண்டே ஐந்து வாக்கியத்தில் முடித்துவிட்டாள். ரிட்டயரான ஆளிடம் ஐந்து வாக்கியம் சிக்கினால் சும்மா விடுவானா? ஊதிப் பெருக்கியிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: பாலாறு கரைபுரண்டு ஓடிய அந்த மாலையில்—

(வேண்டாம். அந்த ஆற்றில் மணலை மட்டுமே பார்த்த ஆம்பூர்க்காரர்கள் சிரிப்பார்கள்.)

இரண்டாவது: சுந்தரிக்கு ஷூ கம்பெனியில் பைனல் செக்கிங் வேலை. நாள் முழுக்க நின்றபடி, குறை தெரிந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அவள் கண்ணுக்குத் தப்பிய தையல் பூலோகத்தில் கிடையாது. கம்பெனியின் இந்தோனேசியக் கிளையில் கொஞ்ச காலம் இருந்து, அந்த பாஷையையும் கற்றுக்கொண்டு வந்தவள்.

(இது இருக்கட்டும்.)

2

அந்தக் கிளையிலிருந்து ஒரு கையேடு வந்தது. புதுத் தொழிலாளிகளுக்காக யூலி என்கிற அவள் தோழி இந்தோனேசிய மொழியில் எழுதியது. அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க வேண்டும். மேனேஜர் ஹயாத் பாஷா சுந்தரியைக் கூப்பிட்டார்.

"பாரும்மா, இதை ஒழுங்கா பண்ணிட்டா ஆபீஸ்ல உனக்கு சீட்டு. உக்காந்து பாக்குற வேலை."

சுந்தரியின் முழங்கால்கள் இரண்டும் ஒரே குரலில் ஆமாம் சொல்லின.

அந்த மொழியில் பன்மைக்குச் சொல்லை இரட்டிப்பார்கள். யூலி 'பல' என்கிற சொல்லையும் முன்னால் போட்டு, இரட்டித்தும் வைத்திருந்தாள். வாசலில் ஒருதரம், பந்தியில் ஒருதரம் மொய் எழுதின மாதிரி. அம்பு! இடத்தைக் காட்டும் 'டி' தள்ளி நிற்கணும், வினைக்கு முன்னால் வரும் 'டி' ஒட்டி நிற்கணும். யூலியின் டிக்களோ இஷ்டத்துக்கு உட்கார்ந்திருந்தன. அம்பு, அம்பு! பீஷ்மரே வந்து படுக்கலாம், அத்தனை அம்பு.

3

கடைசிப் பக்கத்தில் பிழையே இல்லை. வந்தது வினை.

செக்கிங்கில் ஒரு வழக்கம். அம்பே இல்லாமல் ஒரு லாட் ஷூ போனால் சூப்பர்வைசர், "இன்னாம்மா, தூங்கிட்டியா?" என்பார். அதனால் அப்பழுக்கில்லாத ஷூவிலும் ஒரு சும்மா அம்பு ஒட்டிவிடுவார்கள். அடுத்த ஆள் துணியால் ஒரு துடை துடைத்து அனுப்பிவிடுவார். யாருக்கும் சேதமில்லை.

சுந்தரி அங்கேயும் ஒரு சும்மா அம்பு ஒட்டினாள். ஒட்டிய வரி: 'பசையைத் தொடுமுன் கையுறை போடவும்.'

4

யூலி போன் பண்ணினாள். (இந்தோனேசிய மொழியில்தான். எனக்கு அது தெரியாது. ஆம்பூர்த் தமிழில் பேசவைக்கிறேன்.)

"அக்கா, எல்லாம் திருத்திட்டேன். அந்தக் கையுறை வரிலதான் இன்னா தப்புன்னே புரியல. நீ ஒட்டினா தப்பில்லாம இருக்குமா? வரியையே தூக்கிட்டேன். உங்க மேனேஜர் ஓகே சொல்லிட்டாரு, சாயந்தரம் அச்சு."

"ஐயோ, திருப்பிப் போடுடி!"

"இனிமே அவரு சொன்னாதான்க்கா மாத்த முடியும்."

5

முடிவு அ: சுந்தரி வாயைத் திறக்கவில்லை. சீட்டு கிடைக்கிறது. அங்கே ஒரு பெண் வெறுங்கையால் பசையை—

(எழுத மாட்டேன்.)

முடிவு ஆ: பழியை யூலி தலையில் போடுகிறாள். இதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று வாசித்துக் காட்டினேன். சுந்தரி ஈரப் புடவையை ஓங்கி உதறினாள். ஊரில் மழை பெய்ததோ என்னவோ, என் பேப்பரில் பெய்தது.

"இன்னா சார், என்னை இவ்ளோ மட்டமாவா எழுதுவீங்க? நான்தான் நடந்ததைச் சொன்னேனே!"

சரி, நடந்தது: நேராக ஹயாத் பாஷா ரூமுக்குப் போனாள்.

"சார், அந்த அம்பு சும்மா ஒட்டினது. வரி சரியாத்தான் இருக்கு. திருப்பிப் போடச் சொல்லுங்க."

அவர் அந்த நிமிஷமே போன் போட்டார். வரி திரும்பி வந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அது ஒண்ணுதான் சும்மாவா? மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் நிஜம் சார்."

"எப்படிம்மா நம்புறது? பேஜார் பண்ணிட்டியே."

அதற்குமேல் அவர் சொன்னதுதான் சுந்தரியின் ஐந்தாவது வாக்கியம். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். இவ்வளவு நேரம் நான் ஜோடித்தேன், மிச்சத்தை நீங்கள் ஜோடியுங்கள். ஆபீஸ் சீட்டா, பழையபடி செக்கிங் லைனில் நிற்பதா? கொஞ்சம் சீக்கிரம் யோசியுங்கள், ஐயா; அவர் எதிரே அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.