விதைக்காத காணிக்கை

அறுப்பின் பண்டிகைக்கு நாவற்குடாச் சனம் பூசணியும் வாழைக்குலையும் நெற்கதிரும் கொண்டுவந்து பீடத்தின் முன் அடுக்கியது. மேர்லின் ஒரு போத்தல் வாவித் தண்ணீர் கொண்டுவந்தாள். உள்ளே நூல்நூலாகப் பச்சைப் பாசி.

மேர்லின் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கிறாள். ஞாயிறு பள்ளியில் சின்னவர்களுக்கு அவள்தான் டீச்சர். போன கிழமை அவள், புல்லும் நாமும் ஆதியில் தண்ணீரில் தோன்றிய ஒரே உயிரின் வம்சம் என்று சொல்லிவிட்டாள். கதை வீடுகளுக்குப் போனது. ஆலய மூப்பர் பஸ்தியாம்பிள்ளை முடிவாகச் சொன்னார்: பண்டிகையன்று பிள்ளைகள் முன்னால் அது பிழை என்று சொல்லவேண்டும். இல்லாவிட்டால் வகுப்பு வேறொருவருக்கு.

கிழமையில் அந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே அவள் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மூப்பர் போத்தலைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன புள்ள இது? வலையில சிக்கினா மீன்காரனே உதறிப்போட்டுப் போவான்."

"பாசி, அங்கிள்."

"காணிக்கைக்கு அறுத்ததக் கொண்டுவாறது. இத ஆர் விதைச்சது?"

"மனுசர் ஒருத்தரும் விதைக்கல்ல. அதாலதான் கொண்டுவந்தன்."

"ரெண்டு இறாலையும் போட்டிருந்தா சொதி வைச்சிருக்கலாம்கா," என்றாள் கடைசி வரிசை வாங்கில் இருந்த எமிலி மாமி. வாங்கு முழுக்கச் சிரித்தது.

மூப்பர் போத்தலை வெளியே கொண்டுபோய் மதிலில், நல்ல வெயிலில் வைத்தார். "கிடந்து காயட்டும்."

பிரசங்கத்துக்கு முன் பிள்ளைகள் வகுப்புக்காக ஆலயத்திலிருந்து வெளியே வருவது வழக்கம். அன்று வந்தவர்கள் மதிலடியில் நின்றுவிட்டார்கள். வெயில் பட்ட பாசியெங்கும் சின்னச் சின்னக் குமிழி. ஒவ்வொன்றாகக் கழன்று மேலே ஏறியது.

"டீச்சர், இது மூச்சு விடுது."

"ஓம். இது விடுறதத்தான் நாம இழுக்கிறம்."

மூப்பரும் பின்னாலேயே வந்துவிட்டார். குமிழிகளைப் பார்த்தார். வெயிலில் வைத்தது அவர்தான்.

"சொல்லு புள்ள. பிழை எண்டு சொல்லு."

மேர்லின் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"போன கிழமை ஒரு பிழை விட்டுட்டன்."

மூப்பர் தலையசைத்தார்.

"பச்சையெல்லாம் நமக்குச் சொந்தக்காரர் எண்டு மட்டும் சொன்னன். அதுகள் முதல் வந்து காத்தை நிரப்பாட்டி நாம வந்தே இருக்கமாட்டம். அதைச் சொல்லாம விட்டது பிழை. கடவுள் படைச்ச விதம் இதுதான் எண்டா எனக்கு ஒரு வெக்கமும் இல்ல."

"வாற கிழமையில இருந்து வகுப்ப ஜெனிஸ்டன் எடுப்பான்," என்றார் மூப்பர்.

அவள் மதிலில் இருந்த போத்தலைக் கையில் எடுத்தாள்.

"எடுக்கட்டும், அங்கிள். இண்டைய நேரம் இன்னும் முடியல்ல."

மதிலடி மணலில் பிள்ளைகளை இருத்தித் தானும் இருந்தாள். மூப்பர் போகவில்லை. அவள் அவரைப் பார்க்கவுமில்லை.

"காத்து நிரம்பினத்துக்கு மறுகா என்ன நடந்த டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மறுகா," என்றாள் மேர்லின், மூப்பருக்கும் கேட்கும்படி, "கொஞ்சப் பாசி கரை ஏறிச்சு."