செவலையின் வயிற்றுக் காந்தம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு. ஈஜோக் ஊருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டம். தாயம்மாவின் செவலைப் பசு தீனியைத் தொடாமல் முதுகை வளைத்து நின்றது. வயிற்றில் கன்று வேறு. உப்புசம் என்று நினைத்த கணவர் செல்லமுத்து, ஓமத் தண்ணீர் புகட்டிச் செம்பனைச் சரிவில் மேலும் கீழும் நடத்தினார். பசு இன்னும் அதிகமாக முனகியது. இறைச்சிக்கு விற்றுவிடலாம் என்று மாட்டு வியாபாரியின் லோரிக்கும் சொல்லிவிட்டார்.

தாயம்மா விடவில்லை. தோட்ட ஆபீஸ் போனில் ரவாங் டவுனுக்குப் பேசி, கால்நடை மருத்துவர் வாகீஸ்வரியை வரவழைத்தார்.

"முதல்ல நடத்துறத நிறுத்துங்கண்ணே! இறக்கத்துல போனா இன்னும் குத்தும்."

"என்ன குத்தும்? முள்ளயா முழுங்கிருச்சு?" என்றார் செல்லமுத்து.

வாகீஸ்வரி பசுவின் தோள்மேட்டை அழுத்திக் கிள்ளினார். நலமான மாடு முதுகைத் தாழ்த்தும். இது விறைத்து நின்று முனகியது.

"மங்குக் கம்பி," என்றார்.

ரப்பர் மரத்தில் பால் வடியும் மங்கு என்ற கிண்ணத்தைத் தாங்கும் கம்பி அது. மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது கம்பிகள் துண்டு துண்டாகப் புல்லில் கிடந்துவிட்டன. மாடு நாக்கால் புல்லைச் சுருட்டி இழுக்கும். இடையில் இரும்பு இருந்தால் பிரித்துத் துப்பத் தெரியாது. கனமான பொருள் இரண்டாம் இரைப்பையில் போய்த் தங்கும். அதற்கு முன்னால், ஒரு தசைத் திரைக்கு அப்பால், இதயம். இரைப்பை சுருங்கும்போதெல்லாம் கம்பி அந்தப் பக்கம் நகரும்.

"வயித்த அறுக்கணுமா?" என்று கேட்டார் தாயம்மா.

"வேணாங்கக்கா. இத முழுங்க வைப்போம்." வாகீஸ்வரி பையிலிருந்து விரல் நீளக் காந்தம் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இரும்பு தின்னுதான் நோவுல கெடக்கு, மறுபடியும் இரும்பா? நல்ல டாக்டர் லா!" என்றார் செல்லமுத்து.

குழாய் வழியே காந்தம் தொண்டைக்குள் இறங்கியது. சீழ் பிடிக்காமலிருக்க ஊசி போட்டார். முன்கால்களைப் பலகைமேட்டில் ஏற்றிக் கட்டினார்கள். உயரத்தில் நின்றால் கம்பி பின்னுக்குச் சரியும், காந்தம் பிடித்துக்கொள்ளும். சற்றுப் பொறுத்து வாகீஸ்வரி திசைகாட்டியைப் பசுவின் மார்பருகே கொண்டுபோனார். முள் வடக்கை விட்டுவிட்டுப் பசுவின் பக்கம் திரும்பியது.

"சரியான எடத்துல உக்காந்துருச்சு. இனி ஆயுசுக்கும் அங்கயே கெடக்கும்."

செல்லமுத்து திசைகாட்டியை வாங்கி, திருப்பித் தர மனமில்லாமல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். அன்றைக்கு வந்த லோரியை அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினார் தாயம்மா.

அடுத்த வாரம் வியாபாரி சீனி முகம்மது வந்தபோது, செவலை புல்கட்டில் முகத்தைப் புதைத்திருந்தது.

"மாடு எங்கம்மா?"

"சாப்புட்டுக்கிட்டு இருக்கு, பாய். நீங்க கெளம்புங்க."

"சும்மாவா? டீயாவது ஊத்து!"

அவர் டீயை முடிப்பதற்குள், செவலையைப் பார்க்க வந்த வாகீஸ்வரியின் ஜீப்பைச் சுற்றி, லயத்துக் குடியிருப்பு ஆட்கள் தங்கள் மாடுகளை எல்லாம் ஓட்டிவந்து நிறுத்திவிட்டார்கள். செல்லமுத்து வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்: "தள்ளாதீங்க லா! நோவு வர்றதுக்கு முந்தியே போட்டுக்கலாம், எல்லா மாட்டுக்கும் காந்தம் இருக்கு!"