எல்லாம் பூஜ்யம்

கொரோனா வந்து கல்லூரியை மூடியதும் சென்னையிலிருந்து ஒரத்தநாட்டுக்கு மூட்டை கட்டியவள் பிரின்ஸி. அன்றிலிருந்து மாடி அறையில் உட்கார்ந்து நாளொன்றுக்கு இருபது முப்பது பேரிடம் போனில் பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டாள். ஊரடங்கில் கடலோரக் குடும்பங்களின் மன அழுத்தம் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று வாராவாரம் அளப்பது அவளுடைய ஆராய்ச்சி. கேள்விகள் பத்து. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மார்க். பூஜ்யம் என்றால் அந்தக் கவலை அறவே இல்லை. நான்கு என்றால் ஓயாத கவலை.

எதிர்முனையில் அழுகிறவர்கள் அழுவார்கள், சர்க்காரைத் திட்டுகிறவர்கள் திட்டித் தீர்ப்பார்கள். பிரின்ஸி அசையமாட்டாள். "சரிங்க, இதுக்கு எத்தனை போடலாம்?" என்பாள். கல்நெஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. ஆறுதல் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த வாரத்துப் பதிலே மாறிவிடும் என்று படித்திருந்தாள், படித்ததில் கெட்டியாக நின்றாள், அவ்வளவுதான். எதற்கும் கலங்காத பெண் என்று அம்மா அமலி பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையடித்துக்கொள்வாள்.

ஆடி மாதத்தில் ஒரு சிக்கல் வந்தது. தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில், ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் பட்டியலில் இருந்தார்கள். மலர்கொடி, மீன் விற்கிறவள். அவள் தம்பி பெண்டாட்டி சந்திரலேகா, எட்டு மாதக் கர்ப்பிணி. தம்பி வெற்றிச்செல்வன் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை. சந்திரலேகாவின் மொத்த மார்க் இருபத்திரண்டு, இருபத்தைந்து என்று போய்க்கொண்டிருந்தது. பிறகு மூன்று வாரமாகப் பூஜ்யம். பத்துக் கேள்விக்கும் பூஜ்யம்.

சென்னையிலிருந்த பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. புருஷன் வெளிநாட்டில், வயிற்றில் பிள்ளை, ஊரெல்லாம் கொரோனா, இவளுக்கு மட்டும் எங்கிருந்து இந்த மனத்திடம்? இதற்கென்று தனியாக ஒரு அத்தியாயமே எழுதலாம் என்றார். பிரின்ஸி ஒலிப்பதிவுகளை மறுபடி போட்டுக் கேட்டாள். முதல் வாரங்களில் மெல்லிய குரல். கடைசி மூன்று வாரமும் கனத்த குரல். ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ஒரு "எழுதிக்கங்க". ஏலத்தில் கூவிப் பழகிய அந்த "எழுதிக்கங்க" மலர்கொடியுடையது.

போன் போட்டு நேராகவே கேட்டாள். "சந்திரலேகா நம்பர்ல மூணு வாரமா நீங்கதானே பேசுறீங்க?"

"ஆமாங்க. மூணு தடவை எடுக்கலன்னா வீட்டுக்கே நர்ஸ் வரும்னு சொன்னீங்கல்ல. அதான் நானே எடுத்தேன்."

"ஏன், அவங்களுக்கு என்ன?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. தம்பி போயிட்டான்ங்க. அங்கேயே கொரோனால. அங்கேயே பொதைச்சுட்டாங்க." மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தாள். "போன தடவையும் இதே எட்டாம் மாசம். இவ அப்பா செத்த சேதியக் கேட்டு விழுந்தா, புள்ள தங்கல. அதான் ஊர்த்தலைவரு, நாட்டார் காயாரோகணம், கட்டுப்பாடு போட்டுட்டாரு. புள்ள பொறக்கற வரைக்கும் ஊர்ல ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. யாரும் வாய் தவறிச் சொல்லிடக் கூடாதேன்னு அவ போனையும் நான்தான் வச்சிருக்கேன், ரிப்பேருன்னு சொல்லி."

"இத்தனை பேரும் எப்படி மறைச்சீங்க?"

"கஷ்டந்தான். ஊர்ல சாவுன்னா அன்னைக்குக் கடலுக்குப் போகக் கூடாது, அது வழக்கம். அத விட முடியுமா? சேதி வந்த அன்னைக்கு ஒரு போட்டும் எறங்கல. காத்து சரியில்லன்னு அவகிட்ட சொல்லிட்டோம்." பிறகு சொன்னாள், "அவன நான்தாங்க இடுப்புல தூக்கி வளத்தேன். அவ பாத்துடுவாளேன்னு இன்னும் அழுவக்கூட இல்ல."

பிரின்ஸி பேனாவைக் கீழே வைத்தாள். தண்ணீர் குடித்தாள். குடித்ததும் படித்த படிப்பு முன்னால் வந்து நின்றது. ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது. பெயரை நீக்குவதானாலும் நர்ஸ் நேரில் போய்க் காரணம் எழுதி வரவேண்டும். அதைச் சொன்னாள்.

"நர்ஸுக்கு வாய் நிக்காதுங்க," என்றாள் மலர்கொடி. "நீங்களே அவகிட்ட பேசுங்க. ஆனா பேப்பர்ல உள்ளதத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது."

பிரின்ஸிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இத்தனை மாதமாக அவள் வேறென்ன செய்துகொண்டிருக்கிறாள்?

மறுநாள் காலை மலர்கொடி போனைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போவதாகச் சொல்வது கேட்டது. குடத்தின் சத்தம் தள்ளிப் போனது. பிரின்ஸி தாளைப் பார்த்து முதல் கேள்வியைப் படித்தாள்.

"போன மாசத்துல, எதிர்பாராம நடந்த எதனாலயாவது நீங்க மனசு ஒடிஞ்சு போனீங்களா?"

ஐந்து மாதத்தில் ஆயிரம் தடவை படித்த கேள்வி. படித்து முடித்த பிறகுதான் அது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பது அவளுக்கு உறைத்தது.

"ஏங்க, ஏதாச்சும் நடந்துச்சா?" என்றாள் சந்திரலேகா.

இப்படித் திருப்பிக் கேட்டால் சொல்வதற்கும் தாளில் ஒரு வரி இருந்தது. பிரின்ஸி அதைப் படித்தாள். "உங்க மனசுல பட்டதைச் சொல்லுங்க."

சந்திரலேகா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னைக்குக் கடலு குளமாட்டம் கெடந்துச்சுங்க. எல அசையல. ஒரு போட்டும் எறங்கல. எங்கூர்ல அதுக்கு ஒரே காரணந்தான். எந்த வீட்டுலயும் அழுவுற சத்தம் கேக்கல, யாரும் எந்த வீட்டுக்கும் போகல. அப்ப நம்ம வீட்டுச் சாவுதான்னு தெரிஞ்சுகிட்டேன்."

பிரின்ஸியின் பேனா தாளின் மேல் அப்படியே நின்றது.

"அண்ணிக்குத் தெரிய வேணாங்க. எனக்குத் தெரியாதுங்கறத நெனச்சுத்தான் அவங்க எழுந்து நடமாடுறாங்க. தெரியும்னா ஒடஞ்சு போயிடுவாங்க. புள்ள பொறக்கட்டும், ரெண்டு பேரும் சேந்து அழுதுக்கறோம். நீங்க பூஜ்யம்னே போட்டுக்கங்க."

தூரத்தில் குடத்தை இறக்கி வைக்கும் சத்தம். மலர்கொடி வந்து போனை வாங்கினாள்.

"சரியாச் சொன்னாளாங்க?"

"சொன்னாங்க."

"எல்லாம் பூஜ்யந்தானே?"

பிரின்ஸி தாளைப் பார்த்தாள். ஒன்பது கேள்விகள் இன்னும் கேட்கப்படவே இல்லை.

"ஆமாங்க," என்றாள். "எல்லாம் பூஜ்யம்."