தங்கைக்கு முதலில் தெரிந்தது

மூன்று மாதமாக நாகவல்லிக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. அவள் புருஷன், தச்சு வேலை செய்யும் குருநாதன், அமராவதிபுதூரிலிருந்து வண்டி கட்டி அவளைச் செக்காலை டாக்டரிடம் அழைத்துப் போனான். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு அவனிடம் மட்டும் பேசினார்.

"என்ன சொன்னாரு?"

"சூடுதான். மருந்து குடுத்திருக்காரு."

அதன்பிறகு அவளுடைய தங்கை சோணையம்மாள் அடிக்கடி வந்தாள். இன்னும் கல்யாணமாகாதவள். கொல்லையில் குருநாதனும் அவளும் தணிந்த குரலில் பேசுவார்கள். நாகவல்லியைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும். பிள்ளையில்லாத வீட்டில் மச்சினியையே இரண்டாந்தாரமாகக் கட்டுவது ஊரில் புதிதல்ல. தங்கை தலைநிறையப் பூ வைத்து வந்த அன்று, அவள் ஆக்கிய குழம்பை நாகவல்லி சட்டியோடு கொட்டினாள்.

மறுநாள் கோவிலூருக்குப் போன ஒரு வண்டியில் ஏறி, தனியாகச் செக்காலையில் இறங்கினாள்.

"ஒன் வீட்டுக்காரர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேனேம்மா. சம்மதக் கடுதாசியில கையெழுத்தும் போட்டுட்டாரு" என்றார் டாக்டர்.

"எதுக்குச் சம்மதம்?"

அவர் தயங்கினார். "கர்ப்பப்பையில கட்டி. மதுரையில ஆபரேஷன் பண்ணிப் பையையே எடுக்கணும். நீ பயந்துருவேன்னு அவருதான் சொல்ல வேண்டாம்னாரு. கூட இருந்து பாத்துக்கிறேன்னு ஒன் தங்கச்சி சொல்லியிருக்கா."

இனிப் பிள்ளை இல்லை என்பதைவிட அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளைச் சுட்டது.

"என் வகுத்துல இருக்குறது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியக் கூடாதா? அறுக்கப் போறது யார அய்யா?"

டாக்டர் தலைகுனிந்தார். பிறகு அவள் கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னார். அறுக்காவிட்டால் வருஷம் தாண்டுவது கஷ்டம். அறுத்தாலும் பத்துப் பேரில் எட்டுப் பேர்தான் பிழைப்பார்கள்.

"மூணு நாள் யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் நேராகக் கேட்டாள். "அவளக் கட்டப் போறீகளா?"

குருநாதன் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தான். "நீ ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு அடம்புடிச்சுச் செத்துப் போயிருவியோன்னு பயந்துதான் மறைச்சேன், புள்ள." அவன் கண் கலங்கியது. அவள் பாதிதான் நம்பினாள்.

மூன்றாம் நாள் டாக்டர் நீட்டிய புதுக் கடுதாசியில் தன் பெருவிரலை அழுத்திவிட்டு, புருஷனையும் தங்கையையும் பார்த்தாள். "ரெண்டு பேரும் மதுரைக்கு வாங்க. என் கண்ணு முன்னாலயே இருங்க."

பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் இருபது நாளும் அவளுடைய ரத்தத் துணிகளைத் தங்கைதான் அலசினாள். அப்போதும் தங்கையின் பார்வை எங்கே போகிறது என்று நாகவல்லி கவனித்துக்கொண்டே கிடந்தாள். தை பிறந்ததும் தங்கைக்கு வெளியூரில் மாப்பிள்ளை பார்த்து முடித்தது நாகவல்லியேதான். முகூர்த்தத்தன்று தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் பாதி நிம்மதி என்று பின்னால் அவளே ஒப்புக்கொண்டாள்.