சீதேவியின் கோப்பி

பங்குனி மாதத்து விடியலில் சீதேவி முற்றத்து அடுப்பில் தாச்சியை ஏற்றிக் கோப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளாமை வெட்டி முடிந்திருந்தது. வயல் வட்டை முழுக்க அறுத்த தாள் மட்டும் நிற்க, அதற்குள் மாடுகளும் கொக்குகளும் தங்கள் பாட்டில் திரிந்தன. வேலியோரத்து வேம்பு பூத்துக் கொட்டியிருந்தது. கொட்டை கறுத்து வெடிக்கிற பதத்தில் மல்லியையும் வேர்க்கொம்புச் சுக்கையும் அள்ளிப் போட்டுக் கிளறினாள். வாசம் எழும்பி வேலியைத் தாண்டியது. அது தாண்டிய சூட்டோடு பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளை அவிழ்ந்த கொண்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஆரு கா போனது?"

"ஒருத்தரும் போகல்ல. எனக்குக் குடிக்க ஆசையா இருந்திச்சு, வறுக்கிறன்."

ஆச்சிப்பிள்ளை நெஞ்சில் கையை வைத்தாள். "என்ன வேல கா இது! ஒழுங்கையால போற சனமெல்லாம் நிண்டு பாக்குது. விடியக் காலத்தால செத்த வீட்டு வாசம்!"

வாவியோரத்து அந்தப் படுவான்கரைக் கிராமத்தில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் தேத்தண்ணிதான். காய்ச்சல் தடிமனுக்கு ஒரு மிடறு கோப்பி கொடுப்பார்கள். மற்றபடி கேத்தில் நிறையக் கோப்பி கொதிக்கிறதென்றால் அந்த வீட்டில் பாடை கட்டுகிறார்கள் என்று அர்த்தம். சீதேவி வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் ஒரு சாவீட்டில் அடுப்படிக்கு ஆளில்லையென்று போய்க் குந்தினாள். கை ராசியோ என்னவோ, அன்றிலிருந்து அந்தப் பக்கத்தில் யார் கண்ணை மூடினாலும் முதலில் பறைமேளத்துக்கு ஆள் போகும், அடுத்தது சீதேவிக்கு ஆள் வரும். அவளுடைய புருசன் கோணாமலை எப்போதோ பதுளைப் பக்கம் லொறியில் போனபோது கொண்டு வந்த இரண்டு கோப்பிக் கன்றுகள் கிணற்றடியில் மரமாகிக் காய்த்துக்கொண்டிருந்தன. கொட்டைக்கும் குறைவில்லை, சாவுக்கும் குறைவில்லை.

ஆனால் ஒரு குறை அவளுக்குள் கிடந்தது. அவளுடைய கோப்பியைக் குடித்த முகங்களெல்லாம் அழுது வீங்கிய முகங்கள். குனிந்தபடி வாங்குவார்கள், குனிந்தபடி குடிப்பார்கள், வெறும் கோப்பையைக் கால்மாட்டில் வைப்பார்கள். நல்லாயிருக்கு என்று செத்த வீட்டில் யார் சொல்வார்? சொன்னால் அதுவே பெரிய கதையாகிவிடும். சிரித்துக்கொண்டிருக்கிற ஒரு வாய் தன் கோப்பியைக் குடிப்பதை ஒரு தரமாவது பார்க்க வேண்டுமென்று அவளுக்கு ஆசை. சொன்னால் பைத்தியம் என்பார்களென்று யாரிடமும் சொன்னதில்லை. இந்த வருசம் மரங்கள் இரண்டும் கொப்பு தாழக் காய்த்திருந்தன. விளைச்சலும் நல்லது. அந்தத் துணிச்சலில்தான் தாச்சியை ஏற்றினாள்.

மாமரத்துக்குக் கீழே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கோணாமலை தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "நீ வறு புள்ள. எனக்கும் ஒரு கோப்பை ஊத்து. நான் இன்னும் சாகல்ல எண்டு ஊருக்குத் தெரியட்டும்."

"இந்த மனிசனுக்கு வாய்!" என்று ஆச்சிப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பதியுதீனின் மோட்டார்சைக்கிள் ஒழுங்கைக்குள் வந்தது. வாவிக்கு அக்கரையில் இருக்கிற ஏறாவூரிலிருந்து பின் இருக்கையில் சாரமும் சேலையும் மலையாய்க் கட்டிக்கொண்டு, வெள்ளாமை முடிந்த கையோடு படுவான்கரை முழுக்கச் சுற்றுகிற யாவாரி. பெருநாள் முடிந்து அன்றைக்குத்தான் மறுபடி வெளிக்கிட்டிருந்தார். துணிப் பொட்டணியை அவிழ்க்கக்கூட இல்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு நேரே அடுப்படிக்கு வந்தார்.

"என்ன தங்கச்சி இது, வாசம் பாலத்தடிக்கு வந்து என்னைக் கையில புடிச்சு இழுக்குது!"

சீதேவி கோணாமலையைப் பார்த்தாள். அவன் கண்ணைச் சிமிட்டினான். அவள் இடித்து, வடித்து, ஒரு கோப்பை நிறைய ஊற்றிக் கொடுத்தாள். பதியுதீன் ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார். பிறகு திறந்து, வாய் நிறையச் சிரித்தார்.

"இன்னொண்டு ஊத்துங்க."

சேலை பார்க்க வந்த பெண்கள் வேலிக்கு வெளியே நின்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். சீதேவிக்கு அதொன்றும் கண்ணில் படவில்லை. இரண்டாம் கோப்பையை விளிம்பு தட்ட ஊற்றினாள்.

அடுத்த கிழமை அவர் வந்தபோது பின் இருக்கையில் பொட்டணி இல்லை. மனைவி ஷாகிரா இருந்தாள். இறங்கியதும் இறங்காததுமாகச் சீதேவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இந்த மனிசன் ஊட்டுக்கு வந்தா கோப்பி, கோப்பி எண்டு ஒரே கதை. மகள் இன்ஷிராட கலியாணம் வருது. நீங்கதான் வந்து கோப்பி போட்டுத் தரணும்."

கோணாமலையின் கையில் வலை ஊசி அப்படியே நின்றது. சீதேவிக்கு ஓம் என்ற சொல் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"தங்கச்சி, உங்களிட்ட மறைக்க ஒண்ணா. இது செத்த வீட்டுக் கை. இந்தப் பக்கத்தில நான் கோப்பி ஊத்தாத செத்த வீடு இல்ல. கலியாண வீட்டு அடுப்படிக்கு என்னை இண்டு வரைக்கும் ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. நாளைக்கு நீங்க ஆரும் சொல்லிக் கேள்விப்பட்டு மனம் நோகப்படாது."

ஷாகிரா கையை விடவில்லை.

"எங்கட ஆக்கள்ள ஒராள் செத்தா மையித்து ஊட்டில அடுப்பு மூட்டுறல்ல, அக்கா. அக்கம்பக்கத்து ஆக்கள்தான் ஆக்கிக் கொண்டு வருவாங்க. எங்கட உம்மா மௌத்தான நேரம் ஒரு பொம்புள வந்து எனக்குச் சோறு ஊட்டினா. மகள்ர கலியாணச் சட்டிக்கு முதல் அரிசி போட அவவத்தான் கூப்பிட்டிரிக்கன். அழக்குள்ள வந்த கை சிரிக்கக்குள்ள வரப்படாதா?"

சீதேவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். புகை என்று சொல்லியிருக்கலாம், ஆனால் அடுப்பு எரியவேயில்லை.

"தோணியில நான் கொண்டு போய் விடுறன்," என்றான் கோணாமலை.

செய்தி கேட்ட ஆச்சிப்பிள்ளை ஓடி வந்தாள். "வேணாம் கா. அங்க ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தா பழி உன்ர தலையில. மறுகா நீ எந்த வாசல்ல போய் நிப்பாய்?" அந்தக் கேள்வி சீதேவியின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. ஆனாலும் கொட்டையை வறுத்தாள். சாவீட்டுக்கு வெறும் கோப்பிதான் போடுவாள். கலியாணத்துக்குப் பால் சேர்த்தாலென்ன என்று தோன்ற, எருமைப் பாலில் ஒரு தரம் போட்டுக் கோணாமலைக்குக் கொடுத்துப் பார்த்தாள். அவன் மீசையை நக்கிக்கொண்டு எழும்பிப் போனதே போதுமாக இருந்தது.

கலியாணத்தன்று காலையில் கேத்திலையும் பாற்கேனையும் தோணியில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கூறைச்சேலையும் தலை நிறையப் பூவுமாய் ஆச்சிப்பிள்ளை கரையில் நின்றாள்.

"என்ன பாக்காய்? நீ தனியாப் போனா அடுப்பு ஊதுறது ஆரு?" என்று சொல்லிக்கொண்டே ஏறிக் குந்தினாள்.

ஏறாவூரில் பதியுதீன் வீட்டு வளவு முழுக்கப் பந்தல். பெரிய சட்டிகளில் இறைச்சி கொதிக்க, சின்னப் பிள்ளைகள் புதுச் சட்டையோடு கால்களுக்குள் புகுந்து ஓடினார்கள். பின் வளவில் இரண்டு பேரும் அடுப்பு மூட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒழுங்கை முனைக்கு வந்துவிட்டார்கள் என்று சத்தம் கேட்டது. அந்த நேரம் வானம் இருண்டு, பங்குனியில் யாரும் எதிர்பாராத ஒரு மழை, குடத்தைக் கவிழ்த்தது போலக் கொட்டியது. பந்தல் துணி தண்ணீரில் தொங்கியது. சோற்றுச் சட்டிக்கு அடுப்பு அணைந்தது. சனம் ஓடியது. ஆச்சிப்பிள்ளை சீதேவியைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் சொன்னது சீதேவியின் காதில் அறைந்தது. என்னால்தான், என் கையால்தான் என்று சீதேவி அகப்பையைப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றாள்.

முன் வாசலில் பதியுதீனின் குரல் மழைக்கு மேலாகக் கேட்டது: "றஹ்மத்து! றஹ்மத்து இறங்குது! ஆரும் முகம் சுளிக்கப்படாது, மாப்பிள்ளை வரக்குள்ள அல்லாஹ் அருளை இறக்குறான்!"

கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளை தொப்பியிலிருந்து தண்ணீர் வழிய, அவனும் சிரித்துக்கொண்டு வந்தான். பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சீதேவியின் அடுப்புக் கற்களைத் தகரத் தாழ்வாரத்துக்குள் தூக்கினார்கள். ஆச்சிப்பிள்ளை கூறைச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து ஊதினாள். சோறு தாமதம், நனைந்து குளிர்ந்து நின்ற அத்தனை பேருக்கும் அந்த நேரம் சூடாகக் கிடைத்தது கோப்பி ஒன்றுதான். பால் கோப்பி, வெறும் கோப்பி, கேட்டவருக்குக் கேட்டது. "ஆரு இது போட்டது?" "இன்னொண்டு தாங்க ராத்தா!" "இஞ்சால ரெண்டு!" கோப்பைகள் போதாமல் தேங்காய்ச் சிரட்டையை நீட்டினார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சிரிக்கிற வாய்கள். சீதேவிக்கு எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை.

ஷாகிரா வந்து அவளை உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். இன்ஷிரா இரண்டு கை நிறைய மருதோன்றியோடு கட்டிலில் இருந்தாள். "எல்லாரும் குடிக்கிறாங்க, எனக்கு மட்டும் கோப்பை புடிக்க ஏலா," என்று உதட்டைப் பிதுக்கினாள். சீதேவி கட்டிலோரத்தில் இருந்து, ஊதி ஊதி ஆற்றி, கோப்பையை அவளுடைய வாயில் வைத்தாள். வெளியே யாரோ வழுக்கி விழுந்து கூட்டம் கத்திச் சிரிக்க, பெண்ணுக்கும் சிரிப்பு வந்து, கோப்பி நாடியில் வழிந்தது. சீதேவி தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு அவளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருமட்டும்.

பின்னேரம் மழை விட்டு, மிச்சக் கோப்பியோடு கோணாமலையின் தோணி திரும்பியது. வாவி கழுவித் துடைத்த தட்டு மாதிரிக் கிடந்தது. நடு வாவியில் ஊர்த் தோணிகள் வலை இழுத்துக்கொண்டு நின்றன. முன்னால் நின்றது கனகசிங்கத்தின் தோணி. சகுனம் பார்க்காமல் துடுப்பில் கை வைக்காத மனிசன்.

"என்ன கா கேத்தில்ல?" என்று அவர் சந்தேகத்தோடு கேட்டார்.

ஆச்சிப்பிள்ளை தோணி ஆடுவதையும் பார்க்காமல் எழும்பி நின்றாள்.

"கலியாண வீட்டுக் கோப்பி, அண்ணன்! மாப்பிள்ளையும் குடிச்சது, பொம்புளையும் குடிச்சது. சூடு ஆறுறதுக்குள்ள வாங்க!"

கனகசிங்கம் சற்று யோசித்தார். பிறகு தண்ணீர் இறைக்கிற சிரட்டையை வாவியில் அலசி நீட்டினார். அதைப் பார்த்து மற்றத் தோணிகளும் ஒவ்வொன்றாக வந்து அணைந்தன. விலகிப் போகாமலிருக்க ஆளுக்கு ஆள் பக்கத்துத் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள். சீதேவி நடுவில் நின்று ஒரு பக்கம் ஊற்றி, மறுபக்கம் ஊற்றினாள். வலைக்குள் மீன் துள்ளியது, யாரும் இழுக்கவில்லை. துடுப்புகள் எல்லாம் உள்ளே கிடந்தன. தென்றல் அந்தத் தோணிக் கூட்டத்தை, ஒன்றையொன்று பிடித்தபடியே, மெல்ல மெல்லக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனது.